பொட்டலம் கட்டக் கற்ற பொறி

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த பெரியோர்க்கு மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பழைய செய்தித்தாளின் ஒரு துண்டு. அதைக் கூம்பாகச் சுருட்டும் இடக்கை. சீரகத்தையோ மிளகையோ அதில் சரிக்கும் வலக்கை. மேல்விளிம்பை உள்ளே மடித்து அழுத்தும் கட்டைவிரல். தலைக்கு மேலே தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து இரு சுற்றுச் சுற்றி வெடுக்கென அறுக்கும் சுண்டு. என் அத்தா கடையில் அமர்ந்திருந்தபோது இவையனைத்தும் அவர் கண் பாராமலே நிகழும். கண் வாடிக்கையாளரிடம் இருக்கும். பேச்சு மழையைப் பற்றியதாக இருக்கும். கை தன்போக்கில் மடித்துக்கொண்டிருக்கும். விடுமுறை நாட்களில் நானும் அந்தப் பலகையில் அமர்ந்து பொட்டலம் மடிக்கப் பழகினேன். நான் மடித்தவை வீடு சேருமுன் அவிழ்ந்துவிடுகின்றன என்று அண்டை வீட்டார் குறை கூறியதுண்டு.

கை இவ்வளவு எளிதாகச் செய்யும் ஒன்றை இரும்பு எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். இயந்திரம் முதலில் கற்றுக்கொண்ட பொட்டலங்களுள் ஒன்று புகையிலைப் பொட்டலம். அதனைச் செய்துகாட்டியவர் பொறியியல் படித்த அறிஞர் அல்லர். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ என்னும் சிற்றூரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த வில்லியம் ரோஸ். கடையில் புகையிலையும் விற்றார். முகம் மழிக்க வந்தவர் காத்திருக்க, புகையிலையைத் தாளில் மடித்துக் கொடுப்பதிலேயே பொழுது கழிவதைக் கண்டு சலித்தவர், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அதற்கென ஒரு பொறியை அமைத்தார். பிரிஸ்டல் நகரின் வில்ஸ் நிறுவனத்தார் அப்பொறியை வாங்கினர். பின்னாளில் ரோஸ் சகோதரர்கள் நிறுவனம் மிட்டாய்க்கும் சாக்லேட்டுக்கும் உறையிடும் இயந்திரங்களால் பெயர் பெற்றது.

ஆயினும் தூள் புகையிலையைப் பொதிவது வேறு, சிகரெட்டைப் பொதிவது வேறு. தூள் எந்த வடிவத்திலும் அடங்கும். சிகரெட்டோ வரிசை கேட்கும். வரிசைக்கு முதல் தேவை ஒன்றைப்போல் மற்றொன்று இருத்தல். கையால் சுருட்டிய சிகரெட்டுகளில் இந்த ஒப்புமை கிடையாது. தேர்ந்த தொழிலாளியும் நிமிடத்திற்கு நான்கைந்துதான் சுருட்ட முடிந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து இளைஞர் ஜேம்ஸ் போன்சாக் 1881-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 200 சிகரெட்டுகளைச் செய்தது. அது சிகரெட்டைத் தனித்தனியே சுருட்டவில்லை. முடிவில்லாத நீண்ட ஒற்றைக் குழலாகத் தாளைப் புகையிலையின்மீது சுற்றி, ஒட்டி, ஒரே அளவாக வெட்டித் தள்ளிற்று. 1884-இல் ஜேம்ஸ் டியூக் தம் டர்ஹாம் தொழிற்சாலையில் இதனை நிறுவினார். வில்ஸ் நிறுவனம் 1883-லேயே பிரித்தானிய உரிமையைப் பெற்றிருந்தது.

இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தில் 1,20,000 சிகரெட்டுகள் என்றால், பத்துப் பத்தாக 12,000 பொட்டலங்கள். ஒருவர் நிமிடத்திற்கு மூன்று பொட்டலம் கட்டுவதாக வைத்துக்கொண்டாலும் ஒரே இயந்திரத்தின் வாயிலில் ஏழு பேர் தலை நிமிராமல் உழைக்க வேண்டும். சுருட்டுவோரை வெளியேற்றிய பொறி, பொதிவோரை நெருக்கடிக்குள் தள்ளிவிட்டது. பொதியும் மேசைகளில் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு தொழிலின் ஒரு கண்ணி மட்டும் வேகம் பெறும்போது அடுத்த கண்ணியில் இருப்பவரின் முதுகே வளைகிறது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களை அருகிருந்து கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி இயந்திரத்தின் உள்ளே செல்வோம். முதலில் இருப்பது மேலே விரிந்து கீழே குறுகும் தொட்டி. நெல் அரைவை ஆலையில் நெல் கொட்டும் தொட்டியின் உறவினன் எனலாம். ஆனால் நெல் சரிவதுபோல் சிகரெட் சரிவதில்லை. படுக்கைவாட்டில் அடுக்கிய உருளைகள் ஒன்றையொன்று தாங்கி வளைவுபோல் நின்றுவிடும். கீழே வெறுமை, மேலே குவியல். அதனைக் கலைக்கத் தொட்டியின் அடியில் இடையறாது அசையும் உருளைகளை வைத்தனர். அதற்கும் கீழே மெல்லிய தடுப்புத் தகடுகள் சிகரெட்டுகளைத் தனித்தனி வரிசைகளாகப் பிரிக்கும். அடிவரிசை நிறைந்ததும் ஒரு தள்ளுதண்டு வந்து அவற்றை நீளவாக்கில் அறைக்குள் தள்ளும்.

இருபது சிகரெட் கொண்ட பொட்டலத்தைத் திறந்து பார்த்தால் அவை 7, 6, 7 என மூன்று வரிசையாக இருக்கும். இருபதை ஏன் இவ்வாறு பிரித்தனர்? தேனிச் சந்தையில் ஆரஞ்சுப் பழங்களைக் குவிப்பவர் கீழ்வரிசைப் பழங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் மேல்வரிசைப் பழத்தை அமர்த்துகிறார் அல்லவா, அதே கணக்குத்தான். சிகரெட்டின் குறுக்களவு 8 மில்லிமீட்டர் என்க. மூன்று வரிசைகளை நேருக்கு நேர் அடுக்கினால் தடிப்பு 24 மில்லிமீட்டர். இடைப்பள்ளத்தில் அமர்த்தினால் சற்றேறக்குறைய 22. அகலம் இரண்டிலும் 56தான். நேரடுக்கில் பெட்டியின் முகப்பரப்பில் நூற்றுக்கு 75 பங்கு நிறைகிறது. பள்ளத்தடுக்கில் 82 பங்கு. மிச்சமாகும் அட்டை ஒரு பெட்டியில் அற்பம். கோடிப் பெட்டிகளில் அது ஆலை முதலாளியின் இலாபம். அதைவிடவும் பெரிய நன்மை, உருளைகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்வதால் பயணத்தில் குலுங்கிப் புகையிலை உதிராமல் இருப்பது.

அறைக்குள் வந்த கற்றையை உறையிட வேண்டும். மனிதன் உறையிடும்போது ஒரு கை பிடிக்கும், மறு கை மடிக்கும். பொறிக்கு அத்தகைய கைகள் இல்லை. மென்தாள் பொட்டலம் செய்யும் இயந்திரங்களில் இதற்குக் கண்ட தீர்வு மிக நேர்த்தியானது. சிகரெட்டையே சுற்றி மடிக்காமல், உள்ளீடற்ற செவ்வக உலோகக் குழல் ஒன்றைச் சுற்றி முதலில் ஈயத்தாளையும் அதன்மேல் அச்சிட்ட தாளையும் மடித்து ஒட்டினர். குழலின் ஒரு முனையில் அடிப்பாகமும் மடிக்கப்பட்டதும் தாள் ஒரு கிண்ணமாகிவிடும். பின்னர் தள்ளுதண்டு சிகரெட்டுக் கற்றையைக் குழலின் உள்ளாகவே செலுத்தும். கற்றை அடியை முட்டித் தாளுறையையும் தன்னுடன் குழலிலிருந்து உருவிக்கொண்டு வெளியேறும். மென்மையான பொருள் ஒருபோதும் மடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியதில்லை. தலையணைக்கு உறை மாட்டும்போது உறையை முதலில் நம் கையில் ஏற்றிக்கொண்டு, அக்கையால் தலையணையைப் பற்றி, உறையை அதன்மேல் உருவி விடுகிறோமே, அதனோடு இதனை ஒப்பிடலாம்.

மடிப்பிலும் ஒரு சிக்கனம் உண்டு. பெட்டியின் ஒரு முனையை மூட நான்கு மடிப்புகள் வேண்டும். நான்கிற்கும் நான்கு அசையும் விரல்களை வைப்பின் இயந்திரம் தன் விரல்களிலேயே சிக்கிக்கொள்ளும். எனவே முன்பின் மடிப்புகள் இரண்டை மட்டும் அசையும் விரல்கள் மடிக்கும். மற்ற இரண்டுக்கும் வழியில் அசையாத வளைதகடுகளைப் பொருத்திவிடுவர். பொட்டலம் அவற்றினூடே நகர்ந்து செல்கையில் தாள் தானே மடங்கிவிடும். உழவில் கொழு மண்ணைப் புரட்டுவதுபோல இங்கே நிலைத்த தகடு தாளைப் புரட்டுகிறது; ஓடுவது நிலம், நிற்பது கலப்பை என்பது மட்டுமே வேறுபாடு.

இத்தனை செயல்களும் தத்தம் நேரத்தில் நிகழவேண்டும். ஒரு பொட்டலத்திற்கு ஒரு நொடி எனக் கொண்டால், அந்த நொடிக்குள் தள்ளுதல், தாள் இழுத்தல், வெட்டல், பசை தடவல், மடித்தல் யாவும் முறை பிறழாது முடியவேண்டும். இந்நாளில் இதனைக் கணிப்பொறி ஆள்கிறது. அன்று ஆண்டது ஒரே ஓர் இரும்புத் தண்டு. அத்தண்டில் வெவ்வேறு வடிவுடைய நெம்புருள்களைக் கோத்திருந்தனர். வட்டமாக இல்லாமல் ஒருபுறம் புடைத்த சக்கரமே நெம்புருள். தொழிலாளர் வழக்கில் கேம். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பொட்டலம். புடைப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே விரல் எழும்; எங்கே தணிகிறதோ அங்கே விரல் விழும். இயந்திரத்தின் நினைவாற்றல் முழுவதும் அந்தப் புடைப்புகளில் செதுக்கி வைக்கப்பட்டிருந்தது.

சுழலும் தண்டில் முளைகளைப் பொருத்தி நெம்புகோல்களை முறைப்படி இயக்கும் உத்தி தொழிற்புரட்சிக் காலத்தில் பிறந்ததன்று. தியார்பக்கிர் நகரின் அர்துக்கிய மன்னர் அவையில் பணியாற்றிய அல்-ஜஸரீ 1206-இல் எழுதி முடித்த பொறிநூலில், ஓடத்தில் அமர்ந்து முரசு கொட்டும் பொம்மைகளை இவ்வுத்தியாலேயே ஆட்டுவித்த விளக்கமும் படமும் உள்ளன. அவர் விருந்தினரை மகிழ்விக்கச் செய்தார்; ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் அதே முளை சிகரெட் மடித்தது.

இன்னொரு கடினம் ஓட்டமும் நிறுத்தமும். பொட்டலம் ஓர் இடத்தில் நின்றால்தான் விரல் வந்து மடிக்க முடியும். மடித்ததும் அடுத்த இடத்திற்கு விரைய வேண்டும். ஆனால் இயக்கும் தண்டோ ஓயாது சுழல்கிறது. ஓயாச் சுழற்சியை விட்டுவிட்டு நகரும் அசைவாக மாற்றுவது ஜெனீவாச் சக்கரம். ஓயாது சுழலும் தட்டில் ஒரு முளை. அதன் அருகே நான்கு பிளவுகள் கொண்ட சிலுவை வடிவச் சக்கரம். முளை பிளவுக்குள் நுழையும்போது சிலுவை கால் சுற்று திரும்பும். முளை வெளியேறி மீண்டும் வரும்வரை அசையாது நிற்கும். இதனைப் புத்தகத்தில் படிக்குமுன்பே நம்மூர்ப் பெரியவர்கள் பயன் கண்டிருக்கிறார்கள். டூரிங் டாக்கீஸின் படக்கருவியில் நொடிக்கு 24 முறை படச்சுருளை நிறுத்தி நிறுத்தி நகர்த்தியது இச்சக்கரமே. திரையில் கதாநாயகன் குதிரையேறியதும், பெட்டிக்குள் பத்துச் சிகரெட் ஏறியதும் ஒரே பொறியின் அருள்!

பசை காய்வதற்கு நேரம் வேண்டும். எந்த நெம்புருளும் அதனை விரைவுபடுத்த இயலாது. ஆகவே மடித்த பொட்டலங்களைப் பெரிய உருளையின் அறைகளில் இறுகப் பற்றிச் சிறிதுதூரம் மெல்லச் சுற்றவிட்டனர். இறுதியில், ஒவ்வொரு சிகரெட்டின் நுனியையும் வில் பொருத்திய ஊசிவிரல்கள் தொட்டுப் பார்த்தன. ஒன்று குறைந்தாலும், நுனியில் புகையிலை தளர்ந்திருந்தாலும் அவ்விரல் ஆழமாக இறங்கும், அப்பொட்டலம் ஒதுக்கப்படும். ஹவானாவில் 1874-இல் ஹொசே மொலின்ஸ் கையால் பெட்டி செய்து தொடங்கிய தொழிலே, 1912-இல் அவர் புதல்வர்கள் இலண்டனில் நிறுவிய மொலின்ஸ் இயந்திர நிறுவனமாக வளர்ந்தது. கீல்மூடி வைத்த அட்டைப்பெட்டி அந்நிறுவனத்தார் 1930-களில் ஆக்கியது. உலகெங்கும் பரவியது 1950-களில்.

நம் நாட்டில் 1910-இல் கல்கத்தாவில் தொடங்கிய இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் இத்தொழிலைப் பெருக்கிற்று. உறைகளை அச்சிடும் பிரிவை அது 1925-இல் தொடங்கியது. சென்னைத் திருவொற்றியூரிலும் அதற்குத் தொழிற்கூடம் உண்டு. ஐதராபாத்தில் வஸீர் சுல்தான் குடும்பத்தார் தொடங்கிய நிறுவனத்தின் சார்மினார் மஞ்சள் பொட்டலத்தை அறியாத பெட்டிக்கடை அந்நாளில் அரிது. ஆனால் முன்பு நம்மோடு ஒரே மதுரை மாவட்டமாக இருந்த திண்டுக்கல்லின் சுருட்டு கையை விட்டு அகலவில்லை. பீடியும் அகலவில்லை. பீடி ஒரு முனையில் குறுகியது. அதன் இலை இயற்கையின் விருப்பப்படி தடிப்பும் மெலிவும் கொண்டது. ஒப்புமையின்றி இயங்காத பொறி அதன்முன் கைகட்டி நிற்கிறது. நெல்லை, தென்காசிப் பகுதிகளில் பல்லாயிரம் பெண்கள் மடியில் முறத்தை வைத்துச் சுற்றுவதற்கு வரிக்கொள்கையும் குறைந்த கூலியும் காரணமெனினும், வடிவமும் ஒரு காரணம். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதனைப் பெட்டியில் அடுக்குவதும் இன்றளவும் விரல்களே. ஒரு கொத்தைப் போல் மறு கொத்து இல்லை.

பொறி தந்த மலிவும் பெருக்கமும் என்ன விளைத்தன என்பதை 1950-இல் இலண்டனில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் வெளியிட்ட ஆய்வு நுரையீரல் புற்றுநோய்க் கணக்காக எடுத்துரைத்தது. பொதியும் பொறி உருவாக்கிய அந்தச் சீரான அட்டைப்பரப்பிலேதான் இன்று சட்டம் தன் குரலை எழுதுகிறது. இந்தியாவில் 2009 மே 31 முதல் எச்சரிக்கைப் படம் கட்டாயமாயிற்று. 2016 ஏப்ரல் முதல் அவ்வெச்சரிக்கை முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தைக் கொண்டது.

அத்தா கடையின் மளிகைப் பலகையை ஒட்டிச் சிகரெட்டும் விற்றார், தாமும் புகைத்தார். அவருடைய கடைசி மூன்றாண்டுகளை மூச்சிரைப்பே தின்றது. இப்போது எண்ணிப் பார்க்கையில் ஒன்று நினைவுக்கு வருகிறது. அவர் கையால் ஒருவருக்கும் முழுப் பொட்டலம் விற்றதாக நான் கண்டதில்லை. அத்தனை நெம்புருள்களும் சேர்ந்து பத்துப் பத்தாக அடைத்து அனுப்பியதை அவர் கட்டைவிரலால் கிழித்து, ஒன்றொன்றாக எடுத்து நீட்டுவார். வாங்கியவர் கம்பத்தில் தொங்கும் கயிற்று நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நடப்பார். கடைகளில் இன்றும் பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. எச்சரிக்கைப் படம் கடைக்காரரின் மேசைக்கு அடியிலேயே தங்கிவிடுகிறது.