காப்பீட்டு அட்டை இல்லாமல் அவசரப் பிரிவுக்கு வரும்போது

நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தினரிடம் காப்பீட்டு அட்டை உண்டா என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவர்களைக் கலங்கச் செய்வதைக் காண்கிறோம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டாம். உயிர்காக்கும் சிகிச்சை உடனே தொடங்கும். அட்டைக்கான வேலையை அதே வேளையில் குடும்பத்தில் ஒருவர் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டு தொடங்கிய அரசுக் காப்பீடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெறுகிறது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதனோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நிலமற்ற வயல் கூலிக் குடும்பங்கள் பலவும் இவ்வரம்புக்குள் வருபவையே. ஆயினும் அட்டை எடுக்காதிருக்கிறார்கள். நடவும் அறுப்பும் இருக்கும் நாளில் ஒரு நாள் கூலியை விட்டு ஆட்சியர் அலுவலகம் போவது எளிதன்று என்பதை நாங்கள் அறிவோம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது கையில் பணம் வாங்காமல் சிகிச்சை அளிக்கும் திட்டம். செலவழித்துவிட்டுப் பின்னர் ரசீதைக் காட்டித் திரும்பப் பெறும் திட்டம் அன்று. நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, வீடு திரும்பிய பிறகு அட்டையோடு வருபவர்களுக்கு உதவ இயலாமல் நிற்பது எங்களுக்கும் வேதனைதான். ஆகவே சேர்க்கப்பட்ட அன்றே காப்பீட்டுப் பிரிவில் சொல்லிவிடுங்கள். நோய் திட்டப் பட்டியலில் உள்ளதா, அம்மருத்துவமனை திட்டத்தில் சேர்ந்ததா என்பதை அங்கே பார்த்துச் சொல்வார்கள்.

பதிவு செய்யும் மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. குடும்ப அட்டை, உறுப்பினர்களின் ஆதார், வருமானச் சான்று ஆகியவை தேவை. வருமானச் சான்றுதான் பெரும்பாலும் தாமதமாகும். கிராம நிர்வாக அலுவலரிடம் நோயாளியின் நிலையைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதற்கான சீட்டையும் காட்டுங்கள். அவரவர் மாவட்ட மையத்தில் பதிவதே முறை. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு நோயாளியோடு வந்தவர் இங்கே அலைவதைவிட, ஊரில் இருக்கும் உறவினர் நாகப்பட்டினம் செல்வதே நல்லது. சனி, ஞாயிறுகளில் அலுவலகம் இராது. வெள்ளிக்கிழமை சேர்ந்த நோயாளியின் குடும்பம் அன்று மாலைக்குள் கிளம்புவது நலம். பதிவு எண் கிடைத்ததும் எங்களிடம் தெரிவியுங்கள்; அதைக் கொண்டு மருத்துவமனை இணையவழியில் முன் அனுமதி கோரும்.

நாங்கள் அடிக்கடி காணும் இன்னொரு சிக்கல் பெயர். மணமாகிச் சென்ற மகளின் பெயர் தந்தையின் குடும்ப அட்டையிலேயே இருக்கும்; மருமகளாகப் போன வீட்டு அட்டையில் இராது. பேறுகாலத்தில்தான் இது தெரியவரும். நோய் இல்லாத நாளிலேயே இதைத் திருத்திக்கொள்வது புத்திசாலித்தனம். வடமாநிலங்களிலிருந்து நடவுக்கு வந்திருக்கும் தொழிலாளர்களுக்கும் வழி உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே வசிப்பதற்குத் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும்.

சாலை விபத்து என்றால் அட்டையும் வருமானமும் கேட்கப்படுவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயமுற்ற எவருக்கும், எந்த ஊர்க்காரராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இத்திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம். பாம்புக் கடிக்கு எந்தக் காகிதத்தையும் தேடாதீர்கள். 108ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நச்சுமுறி மருந்து அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும்.

அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசமாயிற்றே, அட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அங்கும் காப்பீட்டின்கீழ் செய்யப்படும் சிகிச்சைக்குரிய தொகை மருத்துவமனைக்கு வந்து, கருவிகளும் வசதிகளும் வாங்கப் பயன்படுகிறது. அட்டை இருந்தால் எங்களிடம் காட்டத் தயங்க வேண்டாம். திட்டம் பற்றிய ஐயங்களுக்குக் கட்டணமில்லாத் தொலைபேசி எண்: 1800 425 3993.