பைக் மெக்கானிக்கை எப்படி நம்புறது? அண்ணனூர்ல இருந்து ஒரு கணக்கு



மியூச்சுவல் ஃபண்டில் அரை சதவீத எக்ஸ்பென்ஸ் ரேஷியோவுக்காக மூணு நாள் உட்கார்ந்து ரிசர்ச் பண்றோம். ஆனா பைக்கை சர்வீஸுக்கு விடும்போது சாவியைக் கையில கொடுத்து, "பார்த்து பண்ணிடுங்கண்ணா"ன்னு சொல்லிட்டு ட்ரெயினைப் பிடிக்க ஓடிடுறோம். சாயங்காலம் துண்டுச் சீட்டுல 2,850 ரூபாய்னு எழுதி வந்தா, எதுக்கு எவ்வளவுன்னு கேட்கக்கூட கூச்சமா இருக்கு. ஜிபே பண்ணிட்டு வந்துடுறோம்.

அண்ணனூர், திருமுல்லைவாயல், ஆவடி பக்கம் இருக்குறவங்களுக்கு பைக் இல்லாம ஒரு நாள் ஓடாது. ஒண்ணு ஸ்டேஷன் வரைக்கும் பைக், அங்கிருந்து லோக்கல் ட்ரெயின். இல்லன்னா சிடிஎச் ரோட்டுல நேரா அம்பத்தூர் எஸ்டேட்டுக்கோ, பட்டாபிராம் டைடல் பார்க்குக்கோ. அதனால நம்பகமான ஒரு மெக்கானிக்கைக் கண்டுபிடிக்கிறது பர்சனல் ஃபைனான்ஸ் சமாச்சாரம்தான். எப்படின்னு கணக்கோட பார்ப்போம்.

தப்பான மெக்கானிக்கோட உண்மையான செலவு

பில்லுல தெரியுறது கொஞ்சம்தான். ஒரு உதாரணம் பாருங்க. வருஷத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. பெட்ரோலை ரவுண்டா லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்குவோம். லிட்டருக்கு 55 கிடைக்க வேண்டிய வண்டி, சரியா ட்யூன் பண்ணாததால 45 கொடுக்குது. 55 கொடுத்தா வருஷத்துக்கு சுமார் 145 லிட்டர். 45 கொடுத்தா சுமார் 178 லிட்டர். வித்தியாசம் 32 லிட்டருக்கு மேல, அதாவது 3,200 ரூபாய். ரெண்டு ஜெனரல் சர்வீஸ் காசு சத்தமில்லாம டேங்க் வழியா போயிடுது.

இது பணக் கணக்கு. பிரேக் ஷூ விஷயம் வேற. டூப்ளிகேட் ஷூவும் ஒரிஜினல் ஷூவும் மாட்டின பிறகு வெளியில இருந்து பார்த்தா ஒண்ணுதான். வித்தியாசம் மழை நாள்ல, முன்னால போற பஸ் சடன் பிரேக் போடும்போதுதான் தெரியும். அங்க மிச்சம் பிடிக்கிற சில நூறு ரூபாய்க்கு அர்த்தமே இல்ல.

இந்தத் தொழில்ல ஏன் ஏமாறுறோம்?

டார்பி, கார்னின்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1973ல ஒரு கட்டுரை எழுதினாங்க. சில சேவைகள்ல, வாங்கின பிறகும் அது நமக்குத் தேவைப்பட்டதான்னு நம்மால கண்டுபிடிக்க முடியாது. பழுதுபார்க்கும் வேலை அப்படிப்பட்டதுன்னு சொன்னாங்க. காரணம் எளிமை. என்ன கோளாறுன்னு சொல்றவரும் அவரே, அதைச் சரிபண்ணி காசு வாங்குறவரும் அவரே.

பெரிய கம்பெனி போர்டு இருந்தா இந்தப் பிரச்சனை இருக்காதுன்னு நினைக்காதீங்க. 1992ல அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாநில அரசு, சியர்ஸ் நிறுவனத்தோட கார் சர்வீஸ் சென்டர்கள் தேவையில்லாத ரிப்பேர்களை வாடிக்கையாளர் தலையில கட்டுதுன்னு குற்றம் சாட்டுச்சு. அங்க சர்வீஸ் அட்வைசர்களுக்கு விற்பனையைப் பொறுத்து கமிஷன். விஷயம் பெருசானதும் நிறுவனம் அந்த கமிஷன் முறையையே நிறுத்துச்சு. ஆக, பார்க்க வேண்டியது அவருக்குக் காசு எதுல வருதுங்கிறதைத்தான்.

லேபர்ல பேரம் பேசாதீங்க

இது பல பேருக்கு ஆச்சரியமா இருக்கும். நம்ம ஊர்ல 400 ரூபாய் லேபரை 250க்குப் பேசி முடிச்சா சாமர்த்தியம். ஆனா அவர் கடை வாடகை, பையனுக்குச் சம்பளம், ஈபி பில் எல்லாம் கட்டணும். லேபர்ல விட்டதை எங்க எடுப்பார்? ஸ்பேர்ஸ்ல. விலை குறைஞ்ச பார்ட் போட்டு, ஒரிஜினல் விலை சொல்ல ஒரு காரணத்தை நாமே உண்டாக்கிக் கொடுக்கிறோம்.

மியூச்சுவல் ஃபண்டில் 2013 ஜனவரியில இருந்து டைரக்ட் பிளான் இருக்கு. விநியோகஸ்தர் கமிஷன் அதுல கிடையாது. ஆலோசனை வேணும்னா அதுக்குத் தனியா ஃபீஸ் கொடுக்கலாம். மெக்கானிக்கிட்டயும் அதே ஃபார்முலாதான். "அண்ணா, லேபர் நீங்க சொல்றதைத் தர்றேன். பார்ட்ஸ் மட்டும் ஒரிஜினல், எம்ஆர்பி போட்ட கவரோட வேணும்"னு முதல் நாளே சொல்லிடுங்க. இல்ல, லிஸ்ட் வாங்கிட்டு நீங்களே ஸ்பேர்ஸ் கடையில வாங்கிக் கொடுங்க. வெளியில வாங்கின பார்ட்டை மாட்ட மாட்டேன்னு ஒருத்தர் சொன்னா உடனே சந்தேகப்பட வேண்டாம். பார்ட் ஃபெயில் ஆனா பழி தன் மேல வரும்னு பயப்படுறவங்களும் உண்டு. அப்போ அவரையே வாங்கச் சொல்லி, கடை பில் கேளுங்க. ஜிபி ரோடு, புதுப்பேட்டை வரைக்கும் போனா விலை குறையும்தான். ஆனா ஒரு பிரேக் கேபிளுக்காக அரை நாள் லீவு போட்டா அது நஷ்டம்.

எங்க தேடுறது?

கூகுள் ஸ்டார் ரேட்டிங்கை விட நல்ல வழிகள் நம்ம ஏரியாவுலயே இருக்கு.

1. டெலிவரி பசங்களைக் கேளுங்க. அவங்களுக்கு வண்டி ஒரு நாள் நின்னா வருமானம் நின்னுது. மோசமான மெக்கானிக்கிட்ட ரெண்டாவது தடவை போக மாட்டாங்க.

2. ஸ்பேர்ஸ் கடைக்காரரைக் கேளுங்க. "நல்ல மெக்கானிக் யாரு"ன்னு கேட்டா நண்பர் பேரைச் சொல்லுவார். "கம்பெனி பார்ட்தான் வேணும்னு அடம் பிடிக்கிற மெக்கானிக் யாரு"ன்னு கேளுங்க. யார் என்ன வாங்குறாங்கன்னு அவருக்குத் தெரியும். சில கடைகள் மெக்கானிக்குக்குக் கமிஷன் தர்றதும் உண்டு, அதனால ரெண்டு கடையில கேளுங்க.

3. தெருவுல இருக்குற பெரியவங்களைக் கேளுங்க. ஆவடி டேங்க் ஃபேக்டரி, அம்பத்தூர் எஸ்டேட், அண்ணனூர் ரயில்வே கார் ஷெட்டுன்னு மெஷினோட பழகினவங்க நிறைய இருக்குற ஏரியா இது. அவங்க வண்டியை யார்கிட்ட விடுறாங்கன்னு பாருங்க.

4. கடைக்கு எதிர்ல ஒரு டீ குடிங்க. உங்க மாடல் வண்டி அங்க நிக்குதா? கழட்டின போல்ட்டை ட்ரேயில போட்டு வைக்கிறாரா, மண்ணுல கிடக்குதா? பத்து நிமிஷத்துல பாதி தெரிஞ்சுடும்.

முதல்ல சின்ன வேலை கொடுத்துப் பாருங்க

புது ஃபண்டுல மொத்தப் பணத்தையும் முதல் நாளே போட மாட்டோம் இல்லையா? அதே மாதிரி முதல்ல ஒரு ஆயில் சர்வீஸ் மட்டும் கொடுங்க. கவனிக்க வேண்டியது மூணு.

ஆயில் டப்பாவை உங்க முன்னாடி உடைக்கிறாரா? டப்பாவுல ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. கியர் பைக்குல கிளட்ச் பிளேட் இன்ஜின் ஆயிலுக்குள்ளயே ஓடுறதால, கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் ஸ்லிப் ஆகலாம்.

ரெண்டாவது, பழைய பார்ட்டைக் கேட்டா கொடுக்கிறாரா? வண்டியை விடும்போதே "பழசை ஒரு கவர்ல போட்டு வைங்கண்ணா"ன்னு சொல்லிடணும். பில் வந்த பிறகு கேட்டா சந்தேகப்படுற மாதிரி ஆயிடும்.

மூணாவதுதான் முக்கியம். "இது இப்ப மாத்த வேண்டாம் தம்பி, இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்"னு ஒரு தடவையாவது சொல்றாரா? தனக்கு வர்ற காசைத் தானே வேண்டாம்னு சொல்ற மெக்கானிக்கை விட்டுடாதீங்க.

நீங்களும் ஒண்ணு செய்யணும். வியாதியைச் சொல்லுங்க, மருந்தைச் சொல்லாதீங்க. "கிளட்ச் பிளேட் மாத்துங்க"ன்னு சொன்னா மாத்திடுவார். "மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் கத்துது, வண்டி இழுக்கல"ன்னு சொன்னா, முதல்ல கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பார்ப்பார். வேலை அதோட முடியலாம்.

இன்ஜின் இறக்கணும், போர் வேலை பார்க்கணும்னு பெரிய தொகை சொன்னா, வேற ஒருத்தர்கிட்ட வண்டியைக் காட்டுங்க. "வேலை உங்களுக்குத் தரல, பார்த்து மட்டும் சொல்லுங்க"ன்னு சொல்லி 200 ரூபாய் கையில கொடுங்க. கோளாறு சொல்றவரும் காசு வாங்குறவரும் ஒரே ஆளா இருக்குறதுதானே பிரச்சனை? 200 ரூபாயில அது பிரிஞ்சுடுது.

கம்பெனி சர்வீஸா, லோக்கலா?

வாரண்டி இருக்குற வரைக்கும் கம்பெனி சர்வீஸ்தான். ஷெட்யூல் சர்வீஸைத் தவறவிட்டா வாரண்டி கிளெய்ம்ல சிக்கல் வரும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 வண்டின்னா, லோக்கல் மெக்கானிக்கிட்ட ஸ்கேனர் இருக்கான்னு கேட்டுக்குங்க. ஆயில், செயின், பிரேக், கேபிள் மாதிரி வேலைகளுக்கு வாரண்டி முடிஞ்ச பிறகு நல்ல லோக்கல் மெக்கானிக் தாராளமா போதும்.

சர்வீஸ் சென்டர்ல ஜாப் கார்டுல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எஸ்டிமேட் கேளுங்க. இன்ஜின் ஃப்ளஷ், டெஃப்லான் கோட்டிங்னு கூடுதல் ஐட்டம் இருந்தா, "ஓனர்ஸ் மேனுவல்ல இது இருக்கா?"ன்னு ஒரே கேள்வி போதும்.

பில் விஷயத்துல சிஏ சொல்றது

சேவைத் தொழில்ல வருஷ டர்ன்ஓவர் 20 லட்சம் தாண்டலன்னா பொதுவா ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்ல. அதனால தெருமுனை மெக்கானிக் ஜிஎஸ்டி இல்லாம பில் கொடுத்தா அது தப்பு இல்ல. பதிவு பண்ணாதவர் ஜிஎஸ்டின்னு தனியா வசூல் பண்றதுதான் தப்பு. பில்லுல ஜிஎஸ்டி போட்டிருந்தா 15 இலக்க எண் இருக்கணும். தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி போர்ட்டல்ல போட்டுப் பார்த்தா யார் பேர்ல இருக்குன்னு தெரியும். இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து பைக் பார்ட்ஸுக்கு 18 சதவீதம்தான். இன்னும் 28 போட்டிருந்தா கேளுங்க.

பில் புக்கே இல்லாத கடையா? பரவாயில்ல. தேதி, கிலோமீட்டர், மாத்தின பார்ட், லேபர், இந்த நாலையும் வாட்ஸ்அப்ல அவருக்கே அனுப்பி "ஓகேவாண்ணா?"ன்னு கேளுங்க. அவர் பதில் போட்டா அதுவே ரெக்கார்டு. அதையே ஒரு ஷீட்டுல ஏத்தி வச்சா, ஒரே பார்ட் ஆறு மாசத்துல ரெண்டு தடவை மாறினா கண்ணுல பட்டுடும்.

காசு கொடுத்து வாங்கின சேவையில குறை இருந்தா நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 உங்களுக்கு உதவும். முதல்ல கடையில பேசுங்க, அப்புறம் எழுத்துல கேளுங்க, அதுக்கும் சரிவரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா மாவட்ட ஆணையத்துல புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே, ரெண்டு வருஷத்துக்குள்ள போடலாம். அண்ணனூர்க்காரங்களுக்குத் திருவள்ளூர்.

மாசம் 750 ரூபாய்

சர்வீஸ் செலவு திடீர்னு வர்றதில்ல, வரும்னு தெரிஞ்சதுதான். உங்க வண்டிக்கு ஏத்த மாதிரி எண்ணை மாத்திக்குங்க: வருஷம் மூணு சர்வீஸ் 4,500, டயர், செயின் செட், பேட்டரிக்கு 2,500, இன்ஷூரன்ஸ் 2,000. மொத்தம் 9,000, மாசத்துக்கு 750. சம்பளம் வந்த அன்னைக்கே தனி அக்கவுண்டுக்கோ ஆர்டிக்கோ போயிடணும். இதுல ஒரு லாபம் இருக்கு. கையில காசு இல்லாதப்போதான் "விலை கம்மியா ஏதாவது போட்டு விடுங்கண்ணா"ன்னு நாமே சொல்றோம். டூப்ளிகேட் பிரேக் ஷூ பாதி நேரம் அப்படித்தான் வண்டிக்குள்ள வருது.

இந்த வாரமே செய்ய வேண்டியது

ஓனர்ஸ் மேனுவலை எடுத்து அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர்லன்னு பாருங்க. ரெண்டு ஸ்பேர்ஸ் கடையில விசாரிங்க. வண்டி ஓடுற நிலையில இருக்கும்போதே ஒரு ஆயில் சர்வீஸ் கொடுத்து ஆளைப் பாருங்க. அக்டோபர், நவம்பர் மழையில வண்டி தண்ணியில நின்ன பிறகு தேட ஆரம்பிச்சா, யார் கிடைக்கிறாரோ அவர்தான் நம்ம மெக்கானிக். அப்படி நின்னா செல்ஃப் அடிச்சுப் பார்க்காம தள்ளிட்டே போங்க; தண்ணி உள்ள போயிருந்தா, ஸ்டார்ட் பண்ணித்தான் இன்ஜின் கெடும்.

பழைய வண்டியை ரிப்பேர் பண்றதா, வித்துட்டுப் புதுசு வாங்குறதாங்கிற கணக்கை அடுத்த வீடியோவுல போடுறேன். அதுக்குள்ள போன வருஷ சர்வீஸ் பில்லை எல்லாம் தேடி எடுத்து வைங்க.