பெருநகரில் பணி, சிற்றூரில் குடியிருப்பு

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது கர்ஜத். புனே செல்லும் ரயில்கள் போர்காட் மலைப்பாதையில் ஏறுவதற்குக் கூடுதல் எஞ்சின் பூட்டிக்கொள்ளும் நிலையம் இது. மும்பையின் புறநகர் மின்ரயிலும் இவ்வூர் வரை வருகிறது. இங்கிருந்து பிரியும் ஒற்றை இருப்புப்பாதை பளஸ்தரி, கேளவ்லி, டோளவ்லி, லவ்ஜி ஆகிய சிறு நிலையங்களைக் கடந்து கோபோலியில் முடிவடைகிறது.

நெல்வயல்களும் மாமரங்களும் சூழ்ந்த இத்தகைய ஊர்களில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் பெருநகரில் பணிபுரிந்து திரும்புவோர் பலர் உள்ளனர். அலுவலகப் பணியாளர்கள், கடைச் சிப்பந்திகள், செவிலியர்கள், காய்கறியும் கீரையும் கொண்டு செல்லும் பெண்கள் என அனைவரையும் அதிகாலை மின்ரயிலில் காணலாம். பெண்கள் பெட்டியில் மாலைச் சமையலுக்கான காய்கள் நறுக்கப்படுவதும், தசராவை முன்னிட்டுப் பெட்டிகள் செவ்வந்தி மாலைகளால் அலங்கரிக்கப்படுவதும் இப்பயணத்தின் அங்கங்கள். பல்லாண்டுகள் ஒரே பெட்டியில் பயணித்தவர்களிடையே உறவினர்க்கு நிகரான நெருக்கம் உண்டாகிறது.

இந்நிலை மும்பைக்கு மட்டும் உரியதன்று. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் ஊரகப் பகுதிகளில் வாழ்ந்தனர். அதே கணக்கெடுப்பு மற்றொன்றையும் காட்டியது. நகராட்சி அமைப்பு இல்லாதபோதிலும், 5,000க்குக் குறையாத மக்கள்தொகையும், முதன்மை ஆண் தொழிலாளரில் முக்கால் பங்கினர் வேளாண்மை சாராத தொழிலில் ஈடுபடும் நிலையும், உரிய மக்கள் அடர்த்தியும் கொண்ட ஊர்கள் 'கணக்கெடுப்பு நகரங்கள்' எனப்படுகின்றன. 2001இல் 1,362ஆக இருந்த அவற்றின் எண்ணிக்கை 2011இல் 3,894ஆக உயர்ந்தது. பெயரளவில் கிராமமாகவும் பிழைப்பில் நகரமாகவும் விளங்கும் ஊர்கள் பெருகிவருகின்றன என்பதே இதன் பொருள்.

சிற்றூரில் குடியேற விரும்பும் வாடிக்கையாளர்கள் வீட்டுக்கடன் தொடர்பாக வங்கியை நாடும்போது, அவர்களிடம் நாம் எடுத்துரைக்க வேண்டிய செய்திகள் சில உள்ளன.

நேரத்தின் விலை

சிற்றூரில் வீட்டின் விலை குறைவு. ரயில்வேயின் மாதாந்திர சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரையிலான தொலைவுக்கு வழங்கப்படுவதால் பயணச் செலவும் குறைவே. ஆயினும் கணக்கு அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நகர்ப்பகுதியில் வீடு வாங்க 40 இலட்சம் ரூபாயும் சிற்றூரில் வாங்க 20 இலட்சம் ரூபாயும் கடன் தேவைப்படுவதாகக் கொள்வோம். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணையாயின், முன்னதற்கு மாதத் தவணை ஏறத்தாழ 36,000 ரூபாய். பின்னதற்கு 18,000 ரூபாய். மாதந்தோறும் மிச்சம் 18,000 ரூபாய். சிற்றூரில் இருப்பவர் நாளொன்றுக்கு 5 மணி நேரமும் நகரில் இருப்பவர் 2 மணி நேரமும் பயணத்தில் செலவிடுவதாகக் கொண்டால், 25 வேலைநாட்களில் கூடுதலாகச் செல்வது 75 மணி நேரம். அதாவது, மணிக்கு 240 ரூபாய் வீதம் நம் நேரத்தை நாமே விற்கிறோம். கணவன், மனைவி இருவரும் பயணித்தால் அது 120 ரூபாயாகக் குறைகிறது.

இவ்விலை கட்டுமா, கட்டாதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்மானிக்க வேண்டும். முதிய பெற்றோரைச் சொந்த ஊரிலேயே வைத்துப் பேணவும், முன்னோர் நிலத்தைத் தரிசாக விடாமல் காக்கவும் விரும்புவோர்க்கு அது மலிவான விலையாக இருக்கலாம். பத்தாம் வகுப்பில் பயிலும் பிள்ளையின் அருகில் மாலை வேளையில் இருக்க விரும்பும் தாய்க்கு அதுவே மிகையான விலை. வீட்டில் அந்த 75 மணி நேரத்தை இழப்பவர் யார் என்று கேட்ட பின்னரே முடிவெடுத்தல் நன்று.

நிலத்தின் தன்மை

மகாராஷ்டிரத்தில் 1948ஆம் ஆண்டின் குத்தகை மற்றும் வேளாண் நிலச் சட்டப்படி, விவசாயி அல்லாதவர் அரசு அனுமதியின்றி வேளாண் நிலத்தை வாங்க இயலாது. பழங்குடியினரின் நிலத்தைப் பிறருக்கு மாற்றுவதற்கும் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. கர்நாடகத்தில் விவசாயி அல்லாதோர்க்கு இருந்த தடை 2020இல் நீக்கப்பட்டது. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதால், ஓரிடத்து நண்பரின் அனுபவம் மற்றோரிடத்துக்குப் பொருந்தாது.

வேளாண் நிலமாகவே பதிவில் உள்ள மனைக்கு வீட்டுக்கடன் வழங்க வங்கிகள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. கடன் வசூலுக்கு வங்கிகள் சார்ந்திருக்கும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் வேளாண் நிலத்தின் மீதான பிணைக்குப் பொருந்தாது. எனவே, நிலம் குடியிருப்புப் பயன்பாட்டுக்கு முறைப்படி மாற்றப்பட்டுள்ளதா என்பதை முன்பணம் கொடுக்குமுன் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மகாராஷ்டிரத்தில் 'சாத்-பாரா' எனப்படும் 7/12 படிவத்தைப் பார்த்தாலே, நிலம் யார் பெயரில் உள்ளது, அதன்மீது என்ன பொறுப்புகள் உள்ளன என்பன தெரியவரும். மாத்தேரான் மலையும் அதன் சுற்றுப்பகுதியும் 2003இல் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டுள்ளமையால், அவ்வெல்லைக்குள் கட்டுமானத்துக்கு வரம்புகள் உள்ளன.

ஊர்நத்தத்தில் பரம்பரையாக வாழ்வோரின் சிக்கல் வேறு வகையானது. வீடு உண்டு; உரிமை ஆவணம் இல்லை. ஆதலால் அவ்வீட்டைப் பழுதுபார்க்கவும் கடன் பெற இயலாத நிலை நீடித்தது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட சுவாமித்வா திட்டத்தின்கீழ், ஆளில்லா விமானம் கொண்டு குடியிருப்புப் பகுதிகள் அளக்கப்பட்டுச் சொத்து அட்டைகள் வழங்கப்படுகின்றன. இவ்வட்டை கிடைத்த வாடிக்கையாளர்கள் அதனைப் பெட்டியில் பூட்டி வைத்திராமல், பெயரும் அளவும் சரியாக உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாதது. உடன்பிறந்தோரின் பங்கு விடுபட்டிருப்பின், ஆரம்பத்திலேயே திருத்திக்கொள்வது பின்னாளைய வழக்கைத் தவிர்க்கும்.

மழையும் கோடையும்

2019 ஜூலை 27 அன்று உல்ஹாஸ் ஆற்று வெள்ளத்தால் வாங்கணி அருகே மகாலட்சுமி விரைவு ரயில் நடுவழியில் நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மீட்புப் படையினரால் காக்கப்பட்டனர். ஒரே இருப்புப்பாதையை நம்பிய வாழ்வில் இத்தகைய நாட்கள் வரவே செய்யும். வெள்ளம் சூழும் இதே கொங்கணத்தின் மேட்டுக் கிராமங்களில் கோடையில் குடிநீருக்குத் தட்டுப்பாடு நிலவுவதும் உண்டு.

ஆகவே, இரவில் நகரில் தங்கவேண்டி நேர்ந்தால் செல்லத்தக்க ஓர் இல்லம், வீட்டிலுள்ள முதியோரைக் கவனிக்க நம்பிக்கையான அண்டை வீட்டார், மூன்று மாதச் செலவுக்குரிய வைப்புத்தொகை ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். நாள்தோறும் நெரிசலில் பயணிப்போர் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்வது மிகவும் பொருத்தமானது. 18 முதல் 70 வயது வரையிலான சேமிப்புக் கணக்குதாரர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தி, 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம். இதில் சேராதிருப்போர் இன்றே கிளையில் விருப்பப் படிவம் அளிக்கலாம்.

ஊருக்கும் உரியவராதல்

பகல் முழுவதும் ஊரில் இல்லாதவர்க்கு அவ்வூர் வெறும் உறங்குமிடமாகிவிடும் ஆபத்தும் உண்டு. கிராமசபைக் கூட்டத்தில் அமர்வதும், பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்ப்பதும், மளிகையை ஊர்க்கடையில் வாங்குவதும் அவ்வூரை வாழவைக்கும். நகரில் ஈட்டும் பணத்தின் ஒரு பகுதி ஊரில் புழங்கினால்தான் அங்கே கடை நிலைக்கும், பேருந்து வரும், வங்கிக்கிளையும் நீடிக்கும்.

புதிதாகக் குடியேற விரும்புவோர் முதலில் ஓராண்டு வாடகை வீட்டில் இருந்து பார்த்தல் நலம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் கடந்த பின்னரும் மாலையில் அந்தச் சிறு நிலையத்தில் இறங்குவது மகிழ்ச்சி அளிக்குமாயின், ஆவணங்களுடன் வங்கிக்கு வரலாம். அந்த ஓராண்டு வாடகையை வீண்செலவாக நாம் கருதமாட்டோம். 20 ஆண்டுத் தவணைக்குமுன் செய்யத்தக்க மிகச் சிறந்த முதலீடு அதுவே.