பந்தெறிந்த கையும் பயிற்றிய கையும்

விளையாட்டு வீரர் எய்தும் புகழ் குறுகிய காலத்தது. கல்வியை முதலாகக் கொண்டவர் முதுமையிலும் அதனைக் கொண்டு வாழலாம். உடல்வலியை முதலாகக் கொண்டவரோ முப்பது வயதைக் கடந்து சில ஆண்டுகளுள் அம்முதலை இழந்துவிடுகின்றார். அதன்பின் அவர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கிய ஜாக் கூம்ஸ் என்னும் அமெரிக்கரைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். அவர் ஆடியது பேஸ்போல். ஆற்றிய பணி அவ்விளையாட்டின் பந்தெறிவாளர் பணி.

கிரிக்கெற்றை அறிந்த நமக்கு இப்பணியை விளங்கிக்கொள்ளுதல் எளிது. கிரிக்கெற்றிற் பந்து வீசுபவர் முழங்கையை நீட்டி எறிதல் ஆகாது. பேஸ்போலில் அத்தடை இல்லை. பந்தெறிவாளர் 60 அடி 6 அங்குல தூரத்தில், சிறு மேடொன்றின்மேல் நின்று, பந்து நிலத்திற் படாமலே துடுப்பாளரைக் கடக்குமாறு எறிவார். ஆறு பந்துகளுடன் அவர் முறை முடிவதில்லை. மாற்றப்படும்வரை ஒவ்வொரு பந்தையும் அவரே எறிதல் வேண்டும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் அவர் கையிலிருந்தே தொடங்குகின்றது. எனவே அவர் எதிரியின் குறையையும், தம் தோழர் நிற்கும் இடத்தையும், தம் கையில் எஞ்சியுள்ள வலிமையையும் ஒருங்கே எண்ணிப் பழகுகின்றார். பயிற்றுநர்க்கு வேண்டிய அறிவும் இதுவேயன்றோ?

கூம்ஸ் 1882 இல் அயோவா மாநிலத்திற் பிறந்து, மெயின் மாநிலத்துக் கோல்பி கல்லூரியில் இரசாயனம் பயின்று 1906 இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பிலடெல்பியா அத்லெற்றிக்ஸ் கழகத்திற் சேர்ந்தார். அங்கும் 'கோல்பி ஜாக்' என்றே அழைக்கப்பட்டமையால், கல்லூரியின் பெயர் அவருடன் ஊரூராய்ச் சென்றது. 1906 செப்தெம்பர் 1 ஆந் திகதி பொஸ்ரன் நகரில் நிகழ்ந்த ஆட்டம், வழக்கமான ஒன்பது இனிங்சில் முடியாது இருபத்துநான்கு வரை நீண்டது. இருபத்துமூன்று வயதினரான கூம்ஸ் முதற் பந்து முதல் இறுதிப் பந்து வரை தாமே எறிந்து, 4 இற்கு 1 என வென்றார். 1910 இல் 31 வெற்றிகளை ஈட்டினார். அவ்வாண்டில் அவர் எறிந்த 13 ஆட்டங்களில் எதிர்ப்பக்கத்தார் ஓர் ஓட்டமேனும் பெறவில்லை. அவ்வாண்டின் உலகத் தொடரில் ஆறு நாள்களுள் மூன்று ஆட்டங்களை வென்று கொடுத்தார். இக்காலத்தில் ஓர் ஆட்டத்தைத் தொடங்கும் பந்தெறிவாளருக்கு நான்கைந்து நாள் ஓய்வு அளிப்பது வழக்கம் என்பதை எண்ணின் அச்செயலின் அருமை புலப்படும்.

ஆயின், 1913 இல் நெருப்புக்காய்ச்சல் அவரைப் பற்றியது. இரு பருவங்கள் பெரும்பாலும் வீணாயின. பின்னர் புரூக்ளின் கழகத்திற் சேர்ந்து மீண்டும் வெற்றி கண்டாரெனினும், பழைய வலிமை முற்றாகத் திரும்பவில்லை. 1919 இல் பிலடெல்பியா பிலீஸ் கழகத்தின் முகாமையாளரானார். 18 ஆட்டங்களில் வென்று 44 இல் தோற்ற நிலையில், பருவத்தின் இடையிலேயே அப்பதவி நீங்கிற்று. கைவலிமை குன்றியது, கழகத்தை நடத்தும் முயற்சியும் பயன்படவில்லை. பலர் இந்நிலையில் மறைந்துபோவர்.

கூம்சோ கல்லூரிகளை நோக்கித் திரும்பினார். வில்லியம்ஸ் கல்லூரியிலும் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலும் பயிற்றியபின், 1929 இல் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தை அடைந்து, 1952 வரை அங்கேயே பணியாற்றினார். 1938 இல் அவர் வெளியிட்ட நூல், ஒவ்வொரு நிலையில் நிற்பவரின் கடமையையும் அணியின் உபாயங்களையும் மாணவர்க்கு ஏற்ப விளக்குவது.

கல்லூரி அணியை நடத்துதல் கழக அணியை நடத்துதல் போன்றதன்று. கழகத்தில் ஆடுபவர் ஊதியம் பெற்றவர். குறையுடையவரை நீக்கி வேறொருவரை விலைக்கு வாங்கலாம். கல்லூரியிலோ வந்த மாணவனையே வளர்த்தல் வேண்டும். வளர்ந்து முடிந்ததும் அவன் பட்டம் பெற்றுப் பிரிந்துவிடுவான். பரீட்சைக்கும் பயிற்சிக்கும் நேரம் வகுத்தல், மைதானத்தைப் பேணுதல், பயணத்தையும் உணவையும் ஒழுங்குசெய்தல், இளங்கையை அளவிற்கு மிஞ்சி உழைப்பியாது காத்தல் என்பனவும் ஆட்டத்தின் பகுதிகளே. இன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவற்றைத் தலைமைப் பயிற்றுநர், பந்தெறிவுப் பயிற்றுநர், நிருவாகப் பணிப்பாளர் எனப் பலர் பகிர்ந்து செய்கின்றனர். முன்னாட் பந்தெறிவாளர் பலர் இப்பதவிகளிற் பணியாற்றுகின்றனர்.

கூம்சிடம் பயின்றோர் பலர் உயர்நிலை ஆட்டத்தை எட்டினர். பில் வேர்பர், அமெரிக்க லீக்கில் மூன்று பருவங்களில் மிகுதியான தளங்களைக் கவர்ந்தார். டிக் குரோற் 1960 இல் நஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவுசெய்யப்பட்டார். கூம்சின் இறுதியாண்டாகிய 1952 இல், டியூக் அணி கல்லூரிகளின் உலகத் தொடரில் முதன்முறையாக இடம்பெற்றது. எனினும், அவரிடம் பயின்ற பெரும்பாலானோர் ஊதியத்திற்கு ஆடியவரல்லர். வேறு தொழில்களை மேற்கொண்டு வாழ்ந்தவர். ஒரு பயிற்றுநரை அளக்கும்போது இவர்களை மறத்தல் தகாது என்பதே எம் கருத்து.

டியூக்கின் மைதானம் 1951 இல் அவர் பெயரைப் பெற்றது. அவர் பயின்ற கோல்பியின் மைதானமும் அவ்வாறே பெயர் பெற்றது. கூம்ஸ் 1957 இற் காலமானார். இருபத்துநான்கு இனிங்ஸ் எறிந்த கையின் வலிமை சில ஆண்டுகளே நிலைத்தது. இருபத்துநான்கு பருவங்கள் டியூக்கிற் பயிற்றிய கையின் பயனோ பிறர் கைகளில் தொடர்ந்தது. ஆடி ஓய்ந்த பழைய மாணவர்காள், மாலை வேளையில் ஒருகால் நம் மைதானத்தின் ஓரத்திற்கு வாருங்கள். பந்தைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத சிறுவன் ஒருவன் அங்கே நிற்பான்; அவனுக்குச் சொல்ல நும்மிடம் ஏதேனும் இருக்கும்.