மண்ணைக் கொத்தும் எந்திரம் காலையும் கொத்தும்!

மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைப்பது இல்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படி ஆவது இல்லை. அதனால் இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் சின்ன உழவு எந்திரம் வந்துவிட்டது. தென்னைக்கு நடுவே உழுகிறது. வாழைக்கு நடுவே களை எடுக்கிறது. வீட்டுக் கொல்லையில் கீரைப் பாத்திக்கு மண் புரட்டுகிறது.

பெரியதை "பவர் டில்லர்" என்கிறார்கள். சிறியதை "பவர் வீடர்" என்கிறார்கள். ஊரில் "களை மிஷின்" என்றாலே எல்லோருக்கும் தெரியும்.

டிராக்டர் ஓட்டுகிறவர் உயரத்தில் உட்கார்ந்து இருப்பார். கத்தி எங்கோ பின்னால் சுற்றும். களை மிஷினில் அப்படி இல்லை. அதன் பின்னாலேயே நீங்கள் நடக்க வேண்டும். கத்திக்கும் உங்கள் காலுக்கும் நடுவே இருப்பது ஒரு தகடும் சில அடி தூரமும்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஆர்தர் கிளிபோர்டு ஹோவர்டு என்ற ஆஸ்திரேலியர். நியூ சவுத் வேல்சில் கில்காந்திரா என்ற ஊர். அங்கே அவருடைய அப்பாவுக்குப் பண்ணை இருந்தது. 1912-ம் ஆண்டில், நீராவி என்ஜினை வைத்து மண்ணைக் கொத்திப் பார்த்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. முதலில் செய்த கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி வீசின. பிறகு கத்தியின் நுனியை வளைத்தார். ஆங்கில "எல்" எழுத்துப் போல் ஆக்கினார். மண் ஒழுங்காகப் புரண்டது! 1920-ல் காப்புரிமை வாங்கினார்.

பின்னாளில் இந்த வகை எந்திரத்துக்கு "ரோட்டவேட்டர்" என்று பெயர் வந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதி, கடைசி எழுத்தில் இருந்து திருப்பிப் படியுங்கள். அதே பெயர்தான் வரும். நம்முடைய "விகடகவி" மாதிரி!

இன்றும் பல எந்திரங்களில் அந்த வளைந்த கத்திதான் இருக்கிறது. அது மண்ணை நன்றாகப் பிடிக்கும். ஆனால், மண்ணை மட்டும் பிடிக்காது. கோரையைப் பிடிக்கும். கயிற்றைப் பிடிக்கும். வேட்டியையும் பிடிக்கும்.

கையை விடாதே!

இந்த எந்திரத்தில் பெரிய ஆபத்து எப்போது வருகிறது? உழும்போது அல்ல. கத்தியில் சிக்கிய புல்லை எடுக்கும்போது!

நடப்பது இதுதான். கோரையும் கொடியும் கத்தியில் சுற்றிக்கொள்ளும். எந்திரம் முனகும். ஓட்டுகிறவர் கத்தியை மட்டும் நிறுத்துவார். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். "ஒரு நிமிட வேலைதானே, எதற்கு அணைக்க வேண்டும்?" என்று நினைத்துக் குனிவார். புல்லை இழுப்பார். முழங்கையோ தோளோ நெம்புகோலில் படும். அல்லது பக்கத்தில் நிற்கும் பையன் தெரியாமல் அதை அழுத்துவான். கத்தி சுற்றிவிடும்.

கையை இழுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். முடியாது. கத்தி நிமிடத்துக்கு 120 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 2 சுற்று. கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய ஏறக்குறைய கால் நொடி ஆகும். அதற்குள் கத்தித் தண்டு அரைச் சுற்று சுற்றிவிடும். ஒரு வட்டில் 4 கத்தி இருந்தால், உங்கள் கை அசைவதற்கு முன்பே 2 கத்தி பட்டிருக்கும்.

அதனால் என்ஜினை அணையுங்கள். கத்தி முழுவதும் நிற்கும்வரை பாருங்கள். பெட்ரோல் என்ஜின் என்றால், ஸ்பார்க் பிளக்கின் தலையில் உள்ள வயரையும் உருவி ஒதுக்கி வையுங்கள். டீசல் என்ஜினில் அந்த பிளக் கிடையாது. நிறுத்தும் விசையைப் போட்டு, என்ஜின் அடங்கிய பிறகு குனியுங்கள். கையில் தடித்த உறை போடுங்கள். புல்லைக் கையால் பிய்க்காமல், கத்தரித்து எடுங்கள்.

இன்னொன்று. வேர் மாட்டி என்ஜின் தானாக நின்றுவிடும். "நின்றுதான் விட்டதே" என்று கையை விடுகிறார்கள். நின்று போன என்ஜின் வேறு, அணைத்த என்ஜின் வேறு! சுவிட்ச் போட்டபடியே இருக்கும். சூடான என்ஜின், கத்தியை அசைக்கும்போது ஒரு உதறு உதறலாம். விரல் போக அந்த ஒரு உதறல் போதும்.

பின்னால் போகும்போது...

முன்னால் போகும் எந்திரம் உங்களை விட்டு விலகிப் போகிறது. பின்னால் வரும் எந்திரம் உங்கள் மேல் வருகிறது. உங்களுக்குப் பின்னால் தென்னை மரம் இருந்தால் என்ன ஆகும்? மரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். கால் தடுக்கி விழுந்தாலோ, கத்தி கால் மேல் ஏறும்.

ஆகவே, ரிவர்சில் போடும் முன்பு கத்தியை நிறுத்துங்கள். திரும்பிப் பாருங்கள். வேகத்தைக் குறையுங்கள். சுவர் ஓரத்தில், வேலி ஓரத்தில் ரிவர்ஸ் வேண்டவே வேண்டாம்.

பல சின்ன எந்திரங்களில், கைப்பிடியை ஒட்டி ஒரு நெம்புகோல் இருக்கும். அதை அழுத்திப் பிடித்தால்தான் கத்தி சுற்றும். கையை விட்டால் நின்றுவிடும். விழுகிறவனைக் காப்பாற்றுவதற்காக வைத்தது அது. கை வலிக்கிறது என்று அதைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கிறார்கள் சிலர். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. கயிற்றுக்குத் தெரியுமா, ஆள் விழுந்துவிட்டான் என்று?

இறக்கத்தில் தலைகீழ்!

பெரிய டில்லர் ஓட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். சமதரையில் இடது கைப் பிடியின் கிளட்சை அழுத்தினால், வண்டி இடது பக்கம் திரும்பும். ஆனால், வரப்பில் இருந்து வயலுக்குள் சரிவாக இறங்கும்போது, அதே கிளட்சை அழுத்தினால் வலது பக்கம் திரும்பும்!

மாயம் ஒன்றும் இல்லை. கிளட்சை அழுத்தினால், அந்தப் பக்கச் சக்கரத்துக்கு என்ஜினின் பிடி விட்டுப்போகிறது. சமதரையில் பிடி விட்ட சக்கரம் பின்தங்கும். சரிவில் பிடி விட்ட சக்கரம் தானாக உருண்டு முந்தும். அதனால் திரும்பும் பக்கம் மாறிவிடுகிறது. தெரியாதவர் பதறிப்போய் இன்னும் அழுத்துவார். வண்டி கவிழும். இறக்கத்தில் அந்தக் கிளட்சைத் தொடாதீர்கள். குறைந்த கியரில், நேராக, கைப்பிடியைக் கையால் தள்ளித் திருப்பி இறங்குங்கள்.

வேட்டியை மடித்துக் கட்டினால் போதாது. கால்சட்டை போடுங்கள். தோளில் துண்டு வேண்டாம். பெண்கள் ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். முந்தானையும் துப்பட்டாவும் தொங்கக் கூடாது. பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்ள வேண்டும். காலுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், கெட்டியான பூட்சு வேண்டும். குழந்தைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள். கல் தெறிக்கும். வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, கீழே போட்டால் உதிர வேண்டும். அதுதான் பதம். ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். காய்ந்து பாறையாக இருந்தால் தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். காய்ந்த தரையில் கத்தி இறங்காது. சக்கரம் போல் உருண்டு, எந்திரத்தை முன்னால் இழுத்துப் பாயும். பாய்ந்தால் பின்னால் ஓடாதீர்கள். நெம்புகோலை விட்டுவிடுங்கள். முதல் சாலில் மேலாகக் கிளறி, அடுத்த சாலில் ஆழமாகப் போங்கள். சொட்டுநீர்க் குழாயும், மோட்டாருக்குப் போகும் கரண்டு வயரும் எங்கே புதைந்து இருக்கின்றன என்று முன்னதாகவே பார்த்து, குச்சி நட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோலும் ஆயிலும்

சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது. ஆறட்டும். பீடி பக்கத்தில்கூட வேண்டாம். கதவு சாத்திய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

புது எந்திரம் வாங்கியவர்களுக்கு ஒரு சொல். பெரும்பாலும் பெட்டியில் வரும் எந்திரத்தில் ஆயில் இருக்காது! ஊற்றாமல் இழுத்து ஓட்டினால், சில நிமிடத்தில் என்ஜின் போய்விடும். "4 ஸ்ட்ரோக்" என்ஜினில் ஆயிலைத் தனியாக ஊற்ற வேண்டும். "2 ஸ்ட்ரோக்" என்றால் பெட்ரோலில் கலக்க வேண்டும். எவ்வளவு என்பது, கூட வரும் சின்னப் புத்தகத்தில் இருக்கும். சமதரையில் நிறுத்தி, தினமும் அளவு பாருங்கள். புது என்ஜினுக்கு முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டும். உள்ளே தேயும் இரும்புத் துகள் அதில் இருக்கும்.

காற்று வடிகட்டிதான் என்ஜினுக்கு மூக்கு. நம் ஊர்ப் புழுதியில் அது விரைவில் அடைத்துவிடும். பஞ்சு வகையானால் சோப்பு நீரில் அலசிக் காயவைக்கலாம். காகித வகையைத் தட்டி எடுங்கள், கழுவாதீர்கள்.

அதிர்வில் போல்ட்டுகள் தளரும். வேலைக்கு முன்பு ஒருமுறை எல்லாவற்றையும் முறுக்குங்கள். கத்தி மாற்றும்போது கூரான ஓரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் முதுகு மண்ணில் மோதும், எந்திரம் துள்ளும். பல நாள் சும்மா வைப்பதானால், டாங்கியில் பெட்ரோலை வடித்துவிடுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை இழுக்கும்.

அடிபட்டால்?

கால் கத்தியில் மாட்டிவிட்டால், ரிவர்சில் போட்டு விடுவிக்கப் பார்க்காதீர்கள். காயம் இரண்டு மடங்கு ஆகும். என்ஜினை அணைத்து, 108-க்குப் போன் செய்யுங்கள். கத்தியைக் கழற்றித்தான் காலை எடுக்க வேண்டும். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. பையைக் காயம் பட்டவரோடு சேர்த்து அனுப்புங்கள். டாக்டரிடம், "மண்ணில் சுற்றிய கத்தி" என்று சொல்லுங்கள். டெட்டனஸ் ஊசி போடுவார்.