கணினியின் துயிலும் விழிப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் தலைமையாசிரியனாய் இருந்த பள்ளியில் அறிவியற் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. மடிக்கணினியைப் புரொஜெக்டருடன் இணைக்கும் பணியை ஒரு மாணவனிடம் ஒப்படைத்திருந்தேன். அவன் கம்பியைச் செருகினான்; திரையில் ஒன்றும் தோன்றவில்லை. கம்பியைக் கெடுத்துவிட்டான் என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, அதே கம்பியின் வழியே படம் தெளிவாக வந்தது. அப்படியாயின் பிழை எங்கே இருந்தது?

மாணவச் செல்வங்களே, எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பில் 19 முனைகள் உண்டு. அவற்றுள் 18-ஆம் முனை வழியாகக் கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்புகிறது. மறுபுறம் திரை இருக்குமாயின், அது 19-ஆம் முனையின் மின்னழுத்தத்தை உயர்த்தித் தன் வருகையை அறிவிக்கிறது. இவ்வறிவிப்பைப் பெறுவது கணினியின் வரைகலைப் பகுதி. அப்பகுதியை ஆள்வது டிரைவர் எனப்படும் மென்பொருள். அறிவிப்பு வந்ததும் டிரைவர், திரையினுள் இருக்கும் சிறு நினைவகத்திலிருந்து குறைந்தது 128 பைட் அளவுள்ள குறிப்பைப் படிக்கிறது. திரையைச் செய்தவர் யார், அது எத்தனை புள்ளிகளைக் காட்டவல்லது என்பன அக்குறிப்பில் அடங்கும். அதற்கேற்பவே படம் அனுப்பப்படுகிறது.

இனி, இடர்ப்பாடு எங்கே எழுகிறது? பாட்டரியில் இயங்கும் கணினி சிக்கனம் பேணியாக வேண்டும். ஆதலின், வேலையில்லாத வேளையில் வரைகலைப் பகுதிக்குச் செல்லும் மின்சாரத்தை டிரைவர் நிறுத்திவிடுகிறது. வீட்டார் அனைவரும் உறங்கிவிட்டால், விருந்தினர் கதவைத் தட்டும் ஓசையைக் கேட்பவர் யார்?

இதற்கு இரு வழிகள் உள்ளன. ஏனைய பகுதிகள் உறங்க, அறிவிப்பைக் கேட்கும் சிறு பகுதியை மட்டும் விழித்திருக்கச் செய்தல் ஒன்று. அதற்கு வன்பொருளிலேயே வசதி அமைந்திருத்தல் வேண்டும். இடையிடையே தானே எழுந்து பார்த்தல் மற்றொன்று. லினக்ஸில் இதற்கான பொது ஏற்பாடு 10 நொடிக்கு ஒரு முறை பார்க்கிறது. அடிக்கடி எழுந்தால் சேமித்த மின்சாரம் வீணாகும். அரிதாய் எழுந்தால் வந்தவர் வாயிலிலேயே நிற்க நேரும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. பழுதுற்ற இணைப்பு இடைவிடாது பொய் அறிவிப்புகளை எழுப்பக்கூடும். அவ்வேளையில், லினக்ஸில் உள்ள இன்டெல் வரைகலை டிரைவர் அவ்விணைப்பின் அறிவிப்புகளுக்குச் செவிசாய்ப்பதை நிறுத்தி, இடையிடையே தானே பார்க்கும் முறைக்கு மாறுகிறது. 2 நிமிடம் கழித்து மீண்டும் செவிகொடுக்கிறது.

எனவே, திரை இருண்டிருந்தால் உடனே கம்பியைப் பழிக்காதீர்கள். சில நொடிகள் பொறுங்கள். பின்னர்க் கணினியை மீண்டும் இயக்கிப் பாருங்கள்.

அன்று எங்கள் கணினியின் வரைகலைப் பகுதி துயின்றிருந்தது. கம்பி வந்ததை அது அறியவில்லை. பொறியாளரான என் பழைய மாணவர் ஒருவர் அக்கணினியைச் சோதித்து இதனை விளக்கியபோது, என்னிடம் வசைபெற்ற மாணவன் பள்ளியை விட்டுச் சென்றிருந்தான். அவன் இவ்வுரையைக் கேட்க நேருமாயின், அன்று தவறு செய்தவன் அவனல்லன், அவன் ஆசிரியனே என்பதை அறிவானாக.