பழைய நாற்சக்கர இயக்க ஊர்திகளுக்கான டயர் தேர்வு

நாற்சக்கர இயக்க ஊர்தி என்பது பொறியின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தக்கூடிய ஊர்தி ஆகும். சேறு, மணல், பாறை ஆகியவற்றில் இவ்வூர்தி பெறும் பிடிப்பு இறுதியில் டயரையே சார்ந்துள்ளது. ஆனால் சேற்றில் மிகுந்த பிடிப்புத் தரும் டயர் நனைந்த தார்ச்சாலையிலும் சிறந்ததாக அமைவதில்லை. தென்காசி, குற்றாலம் வட்டாரம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

நிலமும் மழையும்

தென்காசி மாவட்டம் 2019 இல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள குற்றாலத்தில் சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் சாரல் பெய்கிறது. அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. எனவே ஆண்டின் பல மாதங்களில் சாலைகள் ஈரமாக இருக்கும்.

செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்தின் ஆரியங்காவுக்குச் செல்லும் சாலை வளைவுகள் நிறைந்த மலைச்சாலை ஆகும். தோப்புகளுக்கும் வயல்களுக்கும் செல்லும் மண்பாதைகள் மழையில் சேறாகின்றன. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் காட்டினுள் உள்ளவை. அவற்றுக்குச் செல்வது நடைபாதையே அன்றி ஊர்திப் பாதை அன்று. ஆகவே இங்குள்ள ஊர்தி ஒன்று ஓடும் தொலைவின் பெரும்பகுதி தார்ச்சாலையிலும், சிறுபகுதி மட்டுமே சேற்றிலும் அமைகிறது.

டயர் வகைகள்

* சாலை டயர்: பள்ளங்கள் குறுகியவை. தார்ச்சாலையில் அமைதியாக ஓடும். சேறு பள்ளங்களை அடைத்துவிட்டால் பிடிப்பு போய்விடும்.
* அனைத்துத்தரை டயர்: பள்ளங்கள் நடுத்தர அளவானவை. தார், சரளை, மிதமான சேறு ஆகியவற்றுக்கு ஏற்றது.
* சேற்று டயர்: பேச்சுவழக்கில் பட்டன் டயர் எனப்படும். பெரிய ரப்பர்க் கட்டைகளுக்கிடையே அகன்ற இடைவெளி இருப்பதால், சுழலும்போது சேற்றை வெளியே எறிந்துவிடும். ஆனால் தார்ச்சாலையைத் தொடும் ரப்பரின் பரப்பு குறைவு. நனைந்த சாலையில் ஊர்தி நிற்க எடுக்கும் தொலைவு கூடும்.

பழைய மகேந்திரா ஜீப்புகளிலும் 1985 இல் அறிமுகமான மாருதி ஜிப்சியிலும் சக்கரப் பூட்டைத் தடுக்கும் பிரேக்கு அமைப்பு இல்லை. ஈரமான வளைவில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொண்டால், திசைமாற்றியைத் திருப்பினாலும் ஊர்தி நேராகவே சறுக்கும். எனவே இவ்வட்டாரத்தில் அன்றாடம் ஓடும் ஊர்திக்கு அனைத்துத்தரை ரேடியல் டயரே பொருத்தமானது. பெரும்பாலும் சேற்றிலேயே உழைக்கும் தோட்ட ஊர்திக்குச் சேற்று டயர் பொருந்தும்.

அளவு

ஜிப்சி கிங் ஊர்தியில் பயன்பட்ட 205/70 ஆர் 15 டயரில், 205 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது ரேடியல். 15 என்பது அங்குலத்தில் வளைய விட்டம். இதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 668 மி.மீ. ஆகும். தோற்றத்துக்காக 235/75 ஆர் 15 பூட்டினால் விட்டம் ஏறத்தாழ 734 மி.மீ. ஆகிறது, அதாவது 10 விழுக்காடு கூடுகிறது. அதன் விளைவுகள்:

* வேகமானி 60 காட்டும்போது ஊர்தி ஏறத்தாழ 66 கி.மீ. வேகத்தில் செல்லும்.
* சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். மலையேற்றத்தில் கீழ்க் கியர் முன்னதாகவே தேவைப்படும்.
* அதே நிறுத்துவிசையைப் பெறப் பிரேக்கு 10 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும்.
* சக்கரத்தைத் திருப்பும்போது டயர் உடற்பகுதியில் உரசக்கூடும்.

பழைய ஜீப்புகளின் 6.00-16 என்னும் குறியீடு, 6 அங்குல அகலத்தையும் 16 அங்குல வளையத்தையும் குறிக்கும். நடுவிலுள்ள கோடு, பேச்சுவழக்கில் நைலான் டயர் எனப்படும் குறுக்கிழை டயரைக் காட்டுகிறது. குறுக்கிழை டயரையும் ரேடியல் டயரையும் ஓர் ஊர்தியில் கலந்து பூட்டலாகாது.

நான்கும் ஒன்றாக

இவ்வூர்திகளில் முன், பின் அச்சுகளுக்கிடையே வேக வேறுபாட்டை ஏற்கும் நடுப் பற்சக்கர அமைப்பு இல்லை. டயர்களின் விட்டம் வேறுபட்டால், நாற்சக்கர இயக்கத்தில் பற்சக்கரங்களுக்குள் முறுக்கம் ஏறி அவை பழுதாகும். இரண்டு புதிய, இரண்டு தேய்ந்த டயர்களைச் சேர்த்துப் பூட்டுவதும் இதே தீங்கைத் தரும். சமமான டயர்கள் இருப்பினும், உலர்ந்த தார்ச்சாலையில் நாற்சக்கர இயக்கத்தைப் பயன்படுத்தலாகாது; வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதல் தொலைவு செல்வதே காரணம்.

வயதும் சட்டமும்

குறைவாக ஓடும் ஊர்தியில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் இறுகிவிடும். பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருப்பினும் பக்கச்சுவரில் வெடிப்பு காணப்பட்டால் டயரை மாற்ற வேண்டும்.

1989 ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் 94 ஆம் விதி, நாற்சக்கர ஊர்தியின் டயர்ப் பள்ளம் 1.6 மி.மீ. ஆழத்துக்குக் குறையலாகாது என்கிறது. 1988 ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றோடு முரண்படும் வகையில் ஊர்தியை மாற்றுவதைத் தடுக்கிறது. தனியார் ஊர்தியின் பதிவு 15 ஆண்டுகளில் முடிவடைவதால், பழைய ஊர்தி மறுபதிவுக்கு ஆய்வை எதிர்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* குற்றால அருவிகள்
* மேற்குத் தொடர்ச்சி மலை
* உராய்வு